மரக்கூரையின் உயிர்களும் மா. கிருஷ்ணனும்

நுழையும்முன்

கானுயிர் என்று சொன்னவுடன் யானையும் புலியும் சிறுத்தையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. மர உச்சியைவிட்டு இறங்காமல் வாழ்நாளைக் கழிக்கும் சிறு குரங்குகளையும், இரவில் மட்டும் கண்விழிக்கும் தேவாங்கையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்த உயிரையும் அது வாழும் இடத்தோடு சேர்த்தே அறிய வேண்டும் என்னும் கொள்கையுடன் காடுகளில் நடந்து, கண்டதை எழுதி வாழ்ந்த தமிழர் ஒருவரின் வரலாறு இப்பாடம்.

திருவட்டாற்றுக்கு மேலே

திருவட்டாற்றைக் கோதையாறும் பரளியாறும் வளைத்துக்கொண்டு ஓடுகின்றன. ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. ஆதிகேசவப் பெருமாளை வணங்க வருவோரும், பரளியாற்றின் குறுக்கே உயர்ந்து நிற்கும் மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் காண வருவோரும் அந்நீரைப் பார்க்கின்றனர். அது எங்கிருந்து வருகிறது என்று மலைப்பக்கம் நிமிர்ந்து நோக்குவோர் சிலரே. மூவாற்றுமுகத்தில் ஒன்றுசேர்ந்து, குழித்துறை வழியாகச் சென்று, தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடையும் இவ்விரு ஆறுகளும் அகத்தியமலைத் தொடரின் தென்பகுதிக் காடுகளில் பிறக்கின்றன.

பேச்சிப்பாறை அணையைக் கடந்து மேலே செல்லும்போது நெடுந்தொலைவு வரை இரப்பர்த் தோட்டங்களே கண்ணில் படுகின்றன. ஒரே உயரம், ஒரே இலை, ஒரே இடைவெளி. அவற்றையும் தாண்டிக் கோதையாற்று மலைகளில் ஏறினால் காட்சி மாறுகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் அச்சரிவுகளில் பசுமைமாறாக் காடு நிற்கிறது. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையோடு கோத்துக்கொண்டு, காடு முழுவதற்கும் ஒரே கூரை வேய்ந்ததுபோல் இருக்கும். அதன்கீழ் நண்பகலிலும் மங்கலான வெளிச்சமே உண்டு. தரையில் நின்று நோக்கும் மனிதனுக்கு அக்காட்டில் விலங்கே இல்லை என்று தோன்றும். விலங்குகள் அவன் தலைக்கு மேலே இருக்கின்றன.

அங்கே வாழ்பவை எவை? கரிய உடலும், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரிமயிரும், வால்நுனியில் சிறு குஞ்சமும் கொண்ட சோலைமந்தி ஒன்று. சிங்கவால் குரங்கு என்பதும் இதன் பெயரே. நம் ஊர்க் குரங்குக்கு உறவான இவ்வினத்தில் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. நீண்ட வாலும் பளபளக்கும் கருமயிரும் உடைய கருமந்தி மற்றொன்று. மூன்றாவது தேவாங்கு, உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவே ஆன இரவாடி. விலங்கியலார் அதனைக் குரங்கு என்று சொல்லமாட்டார். குரங்கும் மனிதனும் அடங்கிய முதனி வரிசையில் முன்னரே கிளைபிரிந்த தொல்லுறவு என்பர்.

நம் முன்னோர் இவற்றை வேறுபடுத்தி அறிந்திருந்தனர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றைத் தனித்தனியே பெயர் சுட்டி, அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்னும் பெயரை உரித்தாக்குகிறது. ஊகம் என்பதற்குக் கருங்குரங்கு என்றே அகராதிகள் பொருள் தருகின்றன. பிற்காலத்தில் இச்சொற்கள் ஏட்டில் தங்கிவிட, எல்லாம் குரங்கு என்னும் ஒரு சொல்லில் அடங்கின. வகுப்பறையில் காட்டு விலங்குகளின் பெயர்களைக் கேட்டால் ஒட்டகச்சிவிங்கி முதலில் வருகிறது. பத்துக் கல் தொலைவில் வாழும் கருமந்தி வருவதில்லை. இக்குறையைத் தம் காலத்திலேயே கண்டு வருந்தியவர்களுள் ஒருவர் மா. கிருஷ்ணன்.

மாதவையாவின் மகன்

அகத்தியமலைத் தொடருக்குக் கிழக்கே இருப்பது திருநெல்வேலிச் சீமை. அங்கே 1912ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான பத்மாவதி சரித்திரத்தை எழுதியவர். அரசின் உப்பு, ஆயத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றபின் சென்னை மயிலாப்பூரில் வீடு அமைத்து, பஞ்சாமிர்தம் என்னும் இதழை நடத்தினார். அவருடைய எட்டு மக்களில் கிருஷ்ணனே கடைசி.

1925ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவைக் கூட்டத்தில் மாதவையா பேசினார். இளங்கலை வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பதே அவர் பேச்சு. பேசி முடித்த சிறிது நேரத்தில் அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தமிழைப் பாடமாகக் கற்கும் நாம் இச்செய்தியை விரைந்து கடந்துவிடலாகாது. தந்தையை இழந்த சிறுவனைத் தமக்கை இலட்சுமி பரிவுடன் வளர்த்தார். தமையன்மாருள் ஒருவரான மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியானார்.

அக்கால மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. வீடுகளுக்கு அப்பால் புதர்க்காடு இருந்தது, நரிகள் ஊளையிட்டன, பறவைகள் நிறைந்திருந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி. எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் வளரும் செடிகொடிகளைப் பற்றி நூலெழுதிய அறிஞர். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று கிருஷ்ணன் செடிகளை அடையாளம் காணக் கற்றார். பேராசிரியரின் மனைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் பயின்றார்.

கிருஷ்ணன் பின்னாளில் புகழ்பெற்றது விலங்குகளைப் பற்றி எழுதியே. ஆனால் அவர் முறையாகக் கற்றது தாவரவியல். அதனால் ஒரு மரத்தில் குரங்கு இருந்தால், குரங்குக்கு முன் மரத்தைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வாய்த்தது. அது என்ன மரம், எப்பொழுது பூக்கிறது, எதற்காகக் குரங்கு அதில் வந்தமர்ந்தது என்று கேட்கும் கண் அது. விலங்கை மட்டும் கண்டு மரத்தைக் காணாதோர் அன்றும் இன்றும் மிகப் பலர்.

பணியின்றி வாழத் துணிந்தவர்

முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றும் கிருஷ்ணனுக்கு நிலையான வேலை கிட்டவில்லை. 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலம் அது. 1937இல் இந்துமதியை மணந்தார். அச்சகம், வானொலி என்று சில இடங்களில் சிறிது காலம் வேலை பார்த்தார். ஓவியம் வரைந்தார், இதழ்களுக்கு எழுதினார். 1942இல் பல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கே அடுத்தடுத்து வகித்தார். ஓய்வு நேரத்தில் ஆடு மேய்த்துப் பார்த்தார். கடிதம் கொண்டுசெல்லும் புறாக்களை வளர்த்தார். சண்டூர்க் குன்றுகளிலும் அம்பியின் இடிபாடுகளிடையேயும் அலைந்தார்.

1949இல் சண்டூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு. மனைவியும் மகனும் உள்ள குடும்பம். அரசுப் பணியைத் தேடியிருக்கலாம். அவர் தேடவில்லை. எஞ்சிய நாற்பத்தேழு ஆண்டுகளையும் எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பியே கழித்தார். மயிலாப்பூரில் எளிய இல்லம். மாத ஊதியம் என்பதில்லை. இம்முடிவின் கடுமை அவரை மட்டும் அன்றி வீட்டிலுள்ளோரையும் சார்ந்தது என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

1950இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். புலி வேட்டைக் கதைகளே கானுயிர் இலக்கியம் என்று கருதப்பட்ட காலத்தில், அணிலைப் பற்றியும் காக்கையைப் பற்றியும் வீட்டுப் பல்லியைப் பற்றியும் எழுதினார். படங்களையும் தாமே வரைந்தார். வேறொருவர் எழுதியதைப் படித்துத் திருப்பிச் சொல்லாமல், தாம் கண்டதையே எழுதினார். ஐயம் இருந்தால் ஐயம் என்றே எழுதினார். அப்பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்தது.

ஒளிப்படத்திலும் அவர் வழி தனி வழியே. வண்ணப் படச்சுருள் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையையே விரும்பினார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே உருவாக்கிய கனத்த புகைப்படக் கருவிக்கு அதன் பருமனைக் கேலி செய்யும் பெயர் ஒன்றைச் சூட்டியிருந்தார். அதைச் சுமந்துகொண்டு முதுமலையிலும் பெரியாற்றிலும் காட்டு யானைகளை மிக அருகில் சென்று படமெடுத்தார். விலங்கை அதன் சூழலோடு காட்டுவதே நல்ல படம் என்பது அவர் கருத்து.

எண்ணப்படாதவற்றை எண்ணுதல்

1968இல் கிருஷ்ணனுக்கு ஜவாகர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய சூழலியல் ஆய்வை அவர் மேற்கொண்டார். 1959 முதல் தாம் காடுகளில் எழுதிவைத்திருந்த குறிப்புகளையும் அதனுடன் சேர்த்துக்கொண்டார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1971 தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்த இவ்வாய்வு, 1975இல் நூல்வடிவம் பெற்றது. யானை, காட்டெருது, புலி ஆகியவற்றோடு தென்னாட்டுக் குரங்குகளையும் அது ஒதுக்காமல் எடுத்துக்கொண்டது.

சோலைமந்தி உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். தெற்கே களக்காட்டு மலைகள் முதல் வடக்கே கர்நாடகத்தின் சராவதி ஆற்றுப் பகுதி வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டும் துண்டு துண்டாக வாழ்வது. 1758இல் லின்னேயசு அதற்கு அறிவியற்பெயர் சூட்டிவிட்டார். அதன்பின் இரு நூற்றாண்டுகள் அதன் வாழ்க்கையை நின்று நோக்கியோர் அரியர். 1960களில் சப்பானிய அறிஞர் சுகியாமா அதனை ஆராய்ந்தார். அடுத்து, அது அருகிவருவதை எடுத்துக்காட்டியவர்களுள் கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். 1970களில் ஸ்டீவன் கிரீன், காரன் மின்கோவ்ஸ்கி என்னும் ஆய்வாளர்கள் அகத்தியமலைப் பகுதியில் நீண்டகாலம் தங்கி அதன் அன்றாட வாழ்வைப் பதிவு செய்தனர்.

அவ்வாய்வுகளும் பின்வந்த ஆய்வுகளும் காட்டும் செய்தி இது. சோலைமந்திக் கூட்டம் ஒன்றில் பெரும்பாலும் பதினைந்து, இருபது குரங்குகள் இருக்கும். அவை நாள் முழுதும் மர உச்சிகளிலேயே உணவு தேடுகின்றன. கெடாத காட்டில் தரைக்கு இறங்குவது அரிது. ஒரு கூட்டத்திற்கு ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீட்டர் காடு வேண்டும். ஏன் இவ்வளவு பரப்பு? மழைக்காட்டில் ஒரே வகை மரங்கள் தோப்பாக நிற்பதில்லை. இன்று பழுத்த மரத்திற்கும் நாளை பழுக்கும் மரத்திற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கும். அத்தொலைவு முழுவதும் கிளைவழிப் பாதை அறுபடாமல் இருக்க வேண்டும்.

இங்கே வெடிப்பலா மரத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். தென்கிழக்காசியாவின் துரியன் பழமரத்திற்கு உறவான இம்மரம் நம் மலைகளின் நடு உயரங்களில் ஓங்கி வளர்கிறது. இதன் பூக்கள் கிளைநுனியில் மலர்வதில்லை. கிளையின் உடலிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு மலர்கின்றன. காயோ முள் நிறைந்த பந்து. வேறு பழங்கள் குறைந்த மாதங்களில் சோலைமந்தியைத் தாங்குவது இம்மரமே. சதைப்பற்றான பூவையும் தின்னும்; முட்காயைப் பிளந்து விதையையும் தின்னும். கருமந்தியும் அணில்களும் வௌவால்களும் இம்மரத்தை நாடி வருகின்றன. ஆகவே ஒரு வெடிப்பலாவை வெட்டுவது ஒரு மரத்தை வெட்டுவது அன்று. பஞ்சகாலத்துக் களஞ்சியத்தை இடிப்பது.

சோலைமந்தியின் இனப்பெருக்கமும் மெதுவானது. பெண் குரங்கு முதற்குட்டியை ஈன ஆறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் கழிகின்றன. வேட்டையால் சில குரங்குகள் குறைந்தாலும் கூட்டம் மீள்வதற்கு ஒரு தலைமுறை ஆகிவிடும்.

கருமந்தியின் வாழ்விடம் சற்று விரிந்தது. இலைகளே அதன் முதன்மை உணவு. ஆற்றோரக் காடுகளிலும் மலையுச்சிச் சோலைகளிலும் அதனால் வாழ இயலும். வடக்கே குடகு வரை காணப்படும் இதன் தென் எல்லை, நம் மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாய். அதன் கெடுதிக்குக் காரணம் வேறு. கருங்குரங்கு லேகியம் உடல்வலிமை தரும் என்னும் நம்பிக்கையால் அது ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டது. அதன் இறைச்சிக்கு அத்தகைய மருத்துவ ஆற்றல் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. இதில் மற்றொரு கொடுமையும் உண்டு. தொலைவிலிருந்து காணும் வேட்டைக்காரனுக்கு இரண்டும் கருங்குரங்கே. ஆதலால் கருமந்தி என்று எண்ணிச் சோலைமந்தியையும் சுட்டனர். ஊகம் எது, முசு எது என்று பிரித்தறிந்த மொழியைப் பேசும் மக்களிடையே, பெயர் அறியாமையால் ஓர் உயிர் மடிந்தது.

தேவாங்கின் கதை இன்னும் விந்தையானது. நம் மாவட்டத்தில் காடு ஒரே தன்மையதன்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் வறண்ட முட்புதர். பேச்சிப்பாறைப் பக்கம் ஈரக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான மேற்குச் சரிவுகளில் வாழும் தேவாங்கு உருவில் சிறியது, செம்மை கலந்த நிறத்தது. கிழக்கே உள்ள வறண்ட காடுகளின் தேவாங்கு சாம்பல் நிறத்தது. இரண்டிற்கும் வால் இல்லை. இரண்டும் தாவுவதில்லை. மெல்லிய கொம்புகளைக் கைகளாலும் கால்களாலும் பற்றி ஊர்ந்தே செல்லும். அடுத்த கொம்பு எட்டாவிட்டால் பயணம் அங்கே முடிந்தது. இறங்கித் தரையில்தான் செல்ல வேண்டும். தரையில் நாயும் சாலையும் காத்திருக்கின்றன. எறும்பு, வண்டு போன்ற பூச்சிகளைப் பெரிதும் தின்று உழவர்க்கு உதவும் இவ்வுயிரின் பெரிய கண்களைக் கண்டு அஞ்சியோரும், அவற்றை மருந்தென்றும் மாந்திரிகப் பொருளென்றும் கருதிக் கொன்றோரும் உண்டு. 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர்த் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அது வறண்ட காட்டுத் தேவாங்கின் நிலம். ஈரக்காட்டுத் தேவாங்குக்கெனத் தனிச் சரணாலயம் அமையவில்லை. குமரி மாவட்டத்தில் அது கானுயிர் சரணாலயத்தின் பிற உயிர்களோடு பங்கிட்டு வாழ்கிறது.

மரம் நடுவதும் ஒருவகை அழிவா?

கிருஷ்ணனின் கருத்துகளில் பலரை வியப்பில் ஆழ்த்தியது, மரம் நடுதலைப் பற்றி அவர் கொண்ட நிலை. மலைகளில் இயற்கைக் காட்டையும் புல்வெளியையும் அழித்துத் தைலமரமும் வாட்டில் மரமும் நட்ட காலம் அது. வரைபடத்தில் அவ்விடம் தொடர்ந்து பச்சையாகவே இருந்தது. கணக்கேட்டில் காட்டின் பரப்புக் குறையவில்லை. கிருஷ்ணன் இதனை ஏற்கவில்லை. இம்மண்ணுக்கு உரிய மரங்களும் செடிகளும் புற்களும் விலங்குகளும் சேர்ந்ததே காடு. வேற்றுநாட்டு மரத்தை வரிசையாக நட்டால் அது தோட்டமே அன்றிக் காடாகாது என்று இடைவிடாது எழுதினார். நாட்டின் ஒரு பகுதியையேனும் மனிதர் கைபடாமல் விட்டுவிட வேண்டும். அழிந்த காடு தானே மீள அதுவே வழி என்பதும் அவர் துணிபு. நாட்டுப்பற்று என்பது நாட்டின் மரஞ்செடிகளையும் உயிர்களையும் பெயர்சொல்லி அறிவதில் தொடங்குகிறது என்று கருதினார்.

இக்கருத்தில் அவர் சற்றுக் கடுமையாகவே இருந்தார் என்று கூறவேண்டும். மலையோர மக்களின் பிழைப்பை எண்ணுவோர்க்கு அவரோடு முழுதும் உடன்படுதல் எளிதன்று. குமரி மாவட்டத்தில் இரப்பர்ப் பால் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் ஆயிரம் ஆயிரம். இப்பாடத்தைப் படிப்போருள்ளும் பலர் அக்குடும்பத்தினரே. எனினும் மர உச்சியிலிருந்து காணும்போது அவர் சொன்னது மெய். இரப்பர்த் தோட்டத்தில் சோலைமந்திக்கு உண்பதற்கு ஏதுமில்லை. தேவாங்கு பற்றிச் செல்லக் கொடிகளும் இல்லை. இரு காட்டுத் துண்டுகளுக்கு இடையே அத்தோட்டம் கடல்போல் கிடக்கிறது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களாலும் சாலைகளாலும் காடு துண்டான இடங்களில், குரங்குகள் சாலையைக் கடந்து அடிபடாமல் இருக்க மரங்களுக்கு இடையே உயரத்தில் பாலங்கள் கட்டியிருக்கின்றனர். அறுந்த கிளையின் இடத்தை மனிதன் கட்டிய பட்டை நிரப்புகிறது.

கிருஷ்ணன் பல ஆண்டுகள் இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சோலைமந்தி, கருமந்தி, தேவாங்கு ஆகியவற்றுக்கு அதன் முதல் அட்டவணையில் காப்புக் கிடைத்தது. 1976இல் களக்காட்டுச் சரணாலயம் சோலைமந்தியை முன்னிட்டே அமைக்கப்பட்டது. ஒரு குரங்கின் பொருட்டுத் தமிழ்நாட்டில் ஒரு காடு ஒதுக்கப்பட்டது. 1988இல் அது முண்டந்துறையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. பெயரில் புலி வந்து குரங்கு மறைந்துவிட்டது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தோரும் சோலைமந்தியையே தம் அடையாளமாகக் கொண்டனர். 1984இல் அவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இவை யாவும் ஒருவர் செயலன்று. அறிவியலாளர், எழுத்தாளர், ஆசிரியர், அலுவலர் எனப் பலர் கூடிச் செய்தவை. குரங்கை மட்டும் காப்பாற்ற இயலாது, அது வாழும் மரக்கூரையையே காக்க வேண்டும் என்னும் கருத்து இம்முயற்சிகள் அனைத்திலும் ஓடுகிறது.

தமிழில் அவர்

ஆங்கிலத்தில் எழுதிப் பெயர்பெற்றவர் என்பதால் கிருஷ்ணனைத் தமிழ் எழுத்தாளராக எண்ணிப் பார்ப்போர் குறைவு. சங்கப் பாடல்களில் தோய்ந்தவர் அவர். புலவர்கள் பாடிய பறவையும் விலங்கும் மரமும் இன்னவை என்று களத்தில் கண்டு பொருத்திப் பார்ப்பதில் மகிழ்ந்தார். உரையாசிரியர் மயங்கிய இடத்தில் காட்டில் நடந்தவனுக்குத் தெளிவு பிறக்கலாம் அல்லவா? எளிய தமிழில் இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். கதிரேசஞ் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். மாதவையாவின் மகனுக்கு நகைச்சுவை கைவந்தது வியப்பன்று. இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

எண்பதைக் கடந்தபின்னும் பத்தி எழுதுவதை நிறுத்தவில்லை. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் காலமானார். அன்றைய ஸ்டேட்ஸ்மன் இதழிலும் அவர் கட்டுரை வெளிவந்திருந்தது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்தார். மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரில் அத்தொகுப்பு 2002இல் நூலாகியது. பள்ளி நூலகத்தில் கேட்டால் கிடைக்கக்கூடும்.